சுவருக்குள் போகும் ஒயரும் கைக்கு வர வேண்டிய ஃபைலும்

ஸ்மார்ட் ஹோம், கட்டட ஆட்டோமேஷன் பற்றி சென்னை வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்கள். போட்டுக் கொடுத்த கம்பெனி நாளை இல்லாமல் போனால் என்ன செய்வது என்ற கவலை பல கடிதங்களில் இருக்கிறது. அதை மனதில் வைத்தே பதில்கள் எழுதப்பட்டுள்ளன.

கேள்வி: மடிப்பாக்கத்தில் கீழே, மேலே என்று மூன்று படுக்கையறை வீடு கட்டுகிறோம். அடுத்த வாரம் ரூஃப் கான்கிரீட். "வைஃபை ஸ்விட்ச் போதும், தனி ஒயர் எதுக்கு?" என்கிறார் எலெக்ட்ரீஷியன். ஆட்டோமேஷன் கம்பெனி ஒன்று கே.என்.எக்ஸ் (ஸ்விட்சும் விளக்கும் தனி ஒயரில் பேசிக்கொள்ளும் முறை) போடச் சொல்லிப் பெரிய தொகை கேட்கிறது. யார் பேச்சைக் கேட்பது?

பதில்: அடுத்த வாரத்துக்குள் இந்த இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டிய அவசியமில்லை. கான்கிரீட்டுக்கு முன்னால் முடிவாக வேண்டியது பைப் மட்டும்தான். ஒவ்வொரு ஸ்விட்ச் போர்டு வரும் இடத்திலிருந்தும் டி.பி. (மின் பகிர்மானப் பெட்டி) வரைக்கும், கரன்ட் ஒயர் போகும் பைப் தவிர, 25 மில்லிமீட்டர் பைப் ஒன்று தனியாகப் போகட்டும். அதற்குள் எந்தக் காரணத்துக்காகவும் 230 வோல்ட் ஒயரை விடக் கூடாது. பின்னால் எந்த முறைக்குப் போனாலும் இந்தப் பைப் உதவும். போடாமல் விட்டால் பூசிய சுவரைக் கொத்த வேண்டி வரும்.

அடுத்தது நியூட்ரல். பிளக் இருக்கும் போர்டில் நியூட்ரல் தானாக வந்துவிடும். மாடிப்படி, பாத்ரூம் வாசல், கட்டில் பக்கத்து டூ-வே போன்ற ஸ்விட்ச் மட்டும் உள்ள போர்டுகளுக்கு நம் ஊர் ஒயரிங்கில் நியூட்ரல் இழுப்பதில்லை. நியூட்ரல் இல்லாத இடத்தில் ஸ்மார்ட் மாட்யூல் தனக்கு வேண்டிய கரன்ட்டை பல்பு வழியாகவே எடுத்துக்கொள்ளும். அணைத்த எல்.இ.டி. இரவில் மங்கலாக எரிவதும் மினுக்குவதும் அதனால்தான். எல்லாப் பெட்டிக்கும் நியூட்ரல் கொடுக்கச் சொல்லுங்கள். அந்த நியூட்ரல் அதே சர்க்யூட்டுடையதாக இருக்க வேண்டும். பக்கத்து சர்க்யூட்டிலிருந்து கடன் வாங்கினால், அந்த சர்க்யூட் வேறு ஆர்.சி.சி.பி.யில் (மின்கசிவு வந்தால் கரன்ட்டைத் துண்டிக்கும் பிரேக்கர்) இருக்கும் பட்சத்தில், விளக்கைப் போட்டதும் ட்ரிப் ஆகும். மெட்டல் பாக்ஸும் கடையில் கிடைப்பதிலேயே ஆழமானதாக வாங்குங்கள். ஸ்விட்சுக்குப் பின்னால் மாட்யூல் உட்கார இடம் வேண்டும்.

இனி கே.என்.எக்ஸ். ஐரோப்பாவில் இருந்த மூன்று முறைகளை ஒன்று சேர்க்க 1999-ல் அமைப்பு ஏற்பட்டு உருவான தரம் இது, ஐ.எஸ்.ஓ./ஐ.இ.சி. 14543-3 என்ற எண்ணில் சர்வதேசத் தரமும் ஆகியிருக்கிறது. ஒரு கம்பெனி ஸ்விட்சும் இன்னொரு கம்பெனி ரிலே யூனிட்டும் (விளக்கை ஆன், ஆஃப் செய்யும் பெட்டி) ஒரே ஒயரில் பேசும். பச்சை உறை போட்ட கேபிள், உள்ளே நான்கு கம்பி: சிவப்பும் கறுப்பும் பஸ் (சாதனங்கள் பேசிக்கொள்ளும் கம்பி), மஞ்சளும் வெள்ளையும் உபரி. வரிசையாகவோ கிளையாகவோ எப்படி வேண்டுமானாலும் இழுக்கலாம். வளையமாக மட்டும் மூடிவிடக் கூடாது. ஒரு லைன் செக்மென்ட்டில் 64 சாதனம், மொத்தக் கேபிள் 1000 மீட்டர், பவர் சப்ளையிலிருந்து எந்தச் சாதனமும் 350 மீட்டருக்குள், எந்த இரண்டு சாதனங்களுக்கும் நடுவே 700 மீட்டருக்குள். இதுதான் கணக்கு. சாதனத்துக்குச் சுமார் 10 மில்லி ஆம்பியர் என்று வைத்தால் 40 சாதனத்துக்கு 400 ஆகிறது. 320 சப்ளை பற்றாது, 640 போடுங்கள். உங்கள் வீட்டுக்கு ஒரு லைனே தாராளம்.

செலவு கூடுவது பச்சைக் கேபிளால் அல்ல. கே.என்.எக்ஸில் ரிலே யூனிட்டுகள் பெரும்பாலும் டி.பி.யில் உட்காருவதால், ஒவ்வொரு லைட் சர்க்யூட்டும் நேராக டி.பி.க்கு வர வேண்டும். வழக்கமான ஒயரிங்கை விட ஒயரும் கூலியும் ஏறும். எங்கள் அபிப்பிராயம்: ஹால், படுக்கையறை விளக்குகள், ஏ.சி., கீசர், மோட்டார் இவற்றை மட்டும் டி.பி. வரை இழுத்துவிடுங்கள். பிற்பாடு கே.என்.எக்ஸ் வேண்டாம் என்று தோன்றினாலும் அதே இடத்தில் வேறு எந்த ரிலே யூனிட்டையும் மாட்டலாம். கழிவறை, ஸ்டோர் ரூம் விளக்குகளுக்கு இதெல்லாம் தேவையே இல்லை.

கே.என்.எக்ஸ்தான் என்று முடிவானால் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள்: இ.டி.எஸ். (கே.என்.எக்ஸை ப்ரோகிராம் செய்யும் மென்பொருள்) புராஜெக்ட் ஃபைல், அதன் பாஸ்வேர்டு, க்ரூப் அட்ரஸ் பட்டியல் (எந்த ஸ்விட்ச் எதை இயக்கும் என்ற எண்கள்), பி.சி.யூ. கீ (சாதனத்தைப் பூட்டும் சாவி எண்) வைத்திருந்தால் அது, செக்யூர் சாதனங்களோடு வரும் க்யூ.ஆர். ஸ்டிக்கர்கள், இவ்வளவும் கைக்கு வந்த பிறகுதான் கடைசித் தவணை. தரம் எவ்வளவு திறந்ததாக இருந்தாலும், இந்த ஃபைல் இல்லாவிட்டால் ஒரு ஸ்விட்சின் வேலையை மாற்றுவதற்கே வீட்டை முதலிலிருந்து ப்ரோகிராம் செய்ய வேண்டி வரும். பென் டிரைவில் ஏதோ ஒன்றைப் போட்டுக் கொடுத்தார்கள் என்று திருப்திப்படாமல், வேறொரு இன்டக்ரேட்டரிடம் (இவற்றை நிறுவி ப்ரோகிராம் செய்பவர்) கொடுத்து ஃபைல் திறக்கிறதா, வீட்டில் உள்ள சாதனங்களோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் தம்பி இசட்-வேவ் (ஒரு வயர்லெஸ் முறை) கதவுப் பூட்டு ஒன்று வாங்கி வருகிறேன் என்கிறான். இங்கே வேலை செய்யுமா? (வாசகி, தி.நகர்)

பதில்: வாங்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அமெரிக்க இசட்-வேவ் 908.4 மெகாஹெர்ட்ஸில் பேசும். இந்தியாவுக்கு ஒதுக்கியது 865.2. இங்கே வாங்கும் ஹப்புக்கும் (சாதனங்களை இணைக்கும் மையப் பெட்டி) அந்தப் பூட்டுக்கும் பேச்சே நடக்காது. ஹப்பையும் அங்கிருந்தே கொண்டுவந்தால் இரண்டும் பேசிக்கொள்ளும், ஆனால் இந்தியாவில் அதற்கு அனுமதி இல்லாத அலைவரிசையில். ஜிக்பீ, த்ரெட், புளூடூத் என்ற வயர்லெஸ் முறைகள் மூன்றும் உலகம் முழுக்க 2.4 கிகாஹெர்ட்ஸ் என்பதால் அந்த வகைப் பூட்டுகளில் இந்தச் சிக்கல் கிடையாது. கதவின் கனமும் பூட்டின் அளவும் மட்டும் நம் தேக்குக் கதவுக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள்.

கேள்வி: அண்ணாநகரில் பழைய ஃபிளாட். வைஃபை ஸ்விட்ச் போட்டிருக்கிறோம். நெட் போனால் ஃபோனிலிருந்து எதுவும் நடப்பதில்லை. போதாக்குறைக்கு, ராத்திரி கரன்ட் போய்த் திரும்பினால் எல்லா லைட்டும் தானே எரிகிறது. "மேட்டர்" (பல கம்பெனிச் சாதனங்களுக்கும் பொதுவான தரம்) போட்டால் சரியாகும் என்கிறார்கள். உண்மையா?

பதில்: முதல் பிரச்சினைக்கு ஆம். இரண்டாவது பிரச்சினைக்கு மேட்டர் வரை போக வேண்டியதே இல்லை.

எல்லா லைட்டும் எரிவது ஒரு செட்டிங். ஸ்விட்சின் ஆப்பில் "பவர் ஆன் ஸ்டேட்" என்றோ அதுபோன்ற பெயரிலோ ஒன்று இருக்கும். அது "ஆன்" என்று இருக்கும். "பழைய நிலை" அல்லது "ஆஃப்" என்று மாற்றுங்கள். படுக்கையறைக்கு "ஆஃப்", மாடிப்படிக்கு "பழைய நிலை" என்று வைப்பது வசதி. ஒவ்வொரு ஸ்விட்சுக்கும் தனித்தனியாக மாற்ற வேண்டியிருக்கலாம்.

நெட் விஷயம் வேறு. உங்கள் ஸ்விட்ச் கம்பெனியின் சர்வர் எங்கோ இருக்கிறது. ஹாலில் உட்கார்ந்து நீங்கள் தட்டுவது அங்கே போய்த்தான் திரும்பி வருகிறது. 2022 அக்டோபரில் முதல் பதிப்பு வந்த மேட்டரில், ஃபோனும் ஹப்பும் ஸ்விட்சும் வீட்டு நெட்வொர்க்குக்குள்ளேயே நேராகப் பேசிக்கொள்ளும். வெளி நெட் அறுந்தாலும் வீட்டுக்குள் வேலை நடக்கும். ரவுட்டருக்குக் கரன்ட் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதை இன்வெர்ட்டர் லைனில் மாட்டிவிடுங்கள்.

பழைய ஸ்விட்சை மேட்டருக்கு மாற்ற முடியுமா என்பது அந்தக் கம்பெனி அப்டேட் தருவதைப் பொறுத்தது. புதிதாக வாங்கினால் பெட்டியில் மேட்டர் முத்திரை, க்யூ.ஆர். கோடு, 11 இலக்க எண் இருக்கிறதா என்று பாருங்கள். சுவருக்குள் மாட்டுவதற்கு முன் அந்தக் கோடைப் படம் எடுத்து, எந்த அறை, எந்த ஸ்விட்ச் என்று எழுதி வையுங்கள். ஸ்டிக்கர் பெரும்பாலும் மாட்யூலின் முதுகில்தான் இருக்கும். ரீசெட் செய்ய நேர்ந்தால் அந்த எண்ணுக்காகப் போர்டையே கழற்ற வேண்டி வரும்.

சேர்க்கும்போது ஃபோனில் புளூடூத் ஆன் ஆகியிருக்கட்டும், ஃபோன் வீட்டு வைஃபையில் இருக்கட்டும். சேரவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ரவுட்டரை. கெஸ்ட் நெட்வொர்க்கில் ஃபோன் இருந்தாலோ, "ஏ.பி. ஐசொலேஷன்" (வைஃபையில் உள்ள சாதனங்கள் ஒன்றோடொன்று பேசாமல் தடுப்பது) ஆன் ஆகியிருந்தாலோ, ஐ.பி.வி.6 (புதிய நெட் முகவரி முறை) அணைக்கப்பட்டிருந்தாலோ மேட்டர் சேராது. நெட் கம்பெனி உங்களுக்கு ஐ.பி.வி.6 தராவிட்டால் பரவாயில்லை. வீட்டுக்குள் அது இயங்கினால் போதும். ஒரு சாதனத்தைக் குறைந்தது ஐந்து தனித்தனி அமைப்புகளில் சேர்க்க முடியும் என்பது மேட்டர் விதி. வீட்டில் ஒருவர் ஒரு கம்பெனி ஸ்பீக்கரையும் இன்னொருவர் வேறு கம்பெனி ஃபோனையும் வைத்திருந்தாலும் இரண்டிலும் அதே விளக்கு வரும். இரண்டாவதில் சேர்க்கும்போது ரீசெட் செய்துவிடாதீர்கள். முதல் ஆப்பிலிருந்து புதிய கோடு எடுக்க வேண்டும்.

பேட்டரி சென்சார்களுக்கு த்ரெட் வகை நல்லது, அதற்கு த்ரெட்டை வீட்டு நெட்வொர்க்கோடு இணைக்கும் த்ரெட் பார்டர் ரவுட்டர் என்ற சாதனம் ஒன்று தேவை. கரன்ட்டில் ஓடும் த்ரெட், ஜிக்பீ சாதனங்கள் சிக்னலைக் கடத்தும். பேட்டரி சாதனங்கள் கடத்தாது. தடித்த சுவரும் கான்கிரீட் தூணும் உள்ள ஃபிளாட்டில் அறைக்கு ஒரு பிளக்காவது கரன்ட்டில் ஓடும் வகையாக இருக்கட்டும். ஜிக்பீ வைத்திருந்தால், வைஃபை சேனல் 1, 6, 11-க்கு இடைவெளியில் விழும் 15, 20, 25-ல் ஒன்றைத் தொடக்கத்திலேயே தேர்ந்தெடுங்கள். பின்னால் மாற்றினால் சில சாதனங்களைத் திரும்பச் சேர்க்க வேண்டியிருக்கும்.

ஃபேன் பற்றியும் ஒரு வார்த்தை: விளக்குக்கான டிம்மரில் ஃபேனை இணைக்காதீர்கள், முனகும், காயில் சூடாகும். பி.எல்.டி.சி. ஃபேனுக்கு எந்த ரெகுலேட்டரும் கூடாது, நேர் சப்ளைதான்.

கேள்வி: சோழிங்கநல்லூரில் எங்கள் குடியிருப்பில் பில்டர் போட்டுக் கொடுத்த பி.எம்.எஸ். (கட்டட மேலாண்மை அமைப்பு) இருக்கிறது. பம்ப், ஜெனரேட்டர், எஸ்.டி.பி. (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்), மீட்டர் எல்லாம் ஒரு கம்ப்யூட்டரில் தெரியும். ஏ.எம்.சி. (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) எடுத்த கம்பெனி விலகிவிட்டது. பாஸ்வேர்டு கூட இல்லை. புதிய கம்பெனிகள் "எல்லாத்தையும் மாத்தணும்" என்கின்றன. சங்கத்தின் சார்பில் கேட்கிறேன், மாற்றித்தான் ஆக வேண்டுமா?

பதில்: பெரும்பாலும் வேண்டாம். கம்ப்யூட்டரில் உள்ள மென்பொருள் பூட்டப்பட்டிருக்கலாம். அதற்குக் கீழே உள்ள மீட்டர், வி.எஃப்.டி. (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி), ஜெனரேட்டர் கன்ட்ரோலர் எல்லாம் அநேகமாக மாட்பஸ் என்ற முறையில் பேசும். 1979-ல் வந்த முறை, இன்றைக்கும் தொழிற்கூடம் முழுக்க ஓடுகிறது. பெரிய ஏ.சி. பிளான்ட் இருந்தால் அது பேக்நெட் (கட்டடக் கருவிகள் பேசிக்கொள்ளும் முறை) பேசக்கூடும். அது ஆஷ்ரே என்ற அமெரிக்க ஏ.சி. பொறியாளர் அமைப்பு 1995-ல் வெளியிட்ட 135-ஆம் தரம், ஐ.எஸ்.ஓ. 16484-5 என்ற எண்ணும் உண்டு.

ஆகவே மாற்றுவதற்கு முன் கணக்கெடுங்கள். ஒவ்வொரு பேனலையும் திறந்து படம் எடுங்கள். சாதனத்தின் மாடல் எண், டெர்மினலில் உள்ள எழுத்து (ஏ, பி என்றோ டி பிளஸ், டி மைனஸ் என்றோ இருக்கும்), ஒயர் எங்கிருந்து எங்கே போகிறது என்பதைக் குறியுங்கள். அந்த மாடலின் ரெஜிஸ்டர் பட்டியலை (எந்த அளவு எந்த எண்ணில் இருக்கிறது என்பது) சாதனத்தைத் தயாரித்த கம்பெனியிடமே கேட்டு வாங்கலாம். பழைய கம்ப்யூட்டரை ஃபார்மட் செய்ய யாரையும் விடாதீர்கள். முதலில் ஹார்ட் டிஸ்க்கை முழுசாக நகல் எடுங்கள்.

சோதித்துப் பார்க்க ஒரு லேப்டாப்பும், ரிச்சி தெருவில் கிடைக்கும் யு.எஸ்.பி. – ஆர்.எஸ். 485 (மாட்பஸ் ஓடும் லைன்) கன்வெர்ட்டரும் போதும். ஒரே ஒரு மீட்டரைத் தனியாக இணைத்து, அதன் டிஸ்பிளே மெனுவில் உள்ள அட்ரஸ் (1 முதல் 247 வரை), வேகம், பாரிட்டி (பிழை கண்டுபிடிக்கும் பிட்) மூன்றையும் மென்பொருளில் அப்படியே கொடுங்கள். பாரிட்டி தவறினால் பதிலே வராது. பதில் வந்து எண் மட்டும் அபத்தமாக இருந்தால் இரண்டு காரணங்கள். ஒன்று, மேனுவலில் 40001 என்று இருப்பதை ஒயரில் 0 என்று அனுப்ப வேண்டும். ஒன்று தள்ளிப் படிக்கிறீர்கள். மற்றொன்று, ஃப்ளோட் எண் (தசமப் புள்ளி எண்) இரண்டு ரெஜிஸ்டரில் உட்காரும், சில கம்பெனிகள் வரிசையை மாற்றி வைக்கும். மீட்டர் முகப்பில் 230.0 வோல்ட் தெரியும்போது இரண்டு ரெஜிஸ்டரிலும் ஹெக்ஸ் (16 அடிமான எண்) முறையில் 4366, 0000 என்று வந்தால் வரிசை சரி. 0000, 4366 என்று வந்தால் தலைகீழ். திரையில் 0 என்றுதான் காட்டும். மீட்டர் கெட்டுவிட்டது என்று அதைக் கழற்றுவதற்கு முன் மென்பொருளில் "வேர்டு ஸ்வாப்" போட்டுப் பாருங்கள்.

தனியாகப் பேசுகிற மீட்டர், லைனில் சேர்த்ததும் பேசாவிட்டால் கோளாறு ஒயரிங்கில்தான். ஆர்.எஸ். 485 ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வரிசையாகப் போக வேண்டும். நடுவில் கிளை பிரித்து நட்சத்திரமாக இழுத்தால் சிக்னல் எதிரொலித்துக் கெடும். இரண்டு கோடியிலும் 120 ஓம் ரெசிஸ்டர், நடுவில் எங்கும் இருக்கக் கூடாது. எல்லாச் சாதனத்தின் சப்ளையையும் நிறுத்திவிட்டு ஏ-க்கும் பி-க்கும் நடுவே மல்டிமீட்டர் வையுங்கள். 60 ஓம் அளவில் காட்டினால் சரி. 120 என்றால் ஒரு கோடியில் ரெசிஸ்டர் இல்லை, அல்லது நடுவில் ஒயர் அறுந்திருக்கிறது. 40 என்றால் யாரோ மூன்றாவது ஒன்றைப் போட்டிருக்கிறார்கள். ஒரே அட்ரஸ் இரண்டு சாதனத்துக்கு இருந்தால் இரண்டும் ஒன்றாகப் பதில் சொல்லி இரண்டுமே கெடும். ஒரு கம்பெனி ஏ என்பதை இன்னொன்று பி என்று குறிப்பதும் சகஜம். ஒயரை மாற்றிப் போட்டுப் பார்த்தால் எதுவும் எரிந்துவிடாது. ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள். ஒரு பிளாக்கிலிருந்து இன்னொன்றுக்கு வெட்டவெளியில் காப்பர் கேபிள் போயிருந்தால், ஐப்பசி இடியில் போர்ட்டுகள் வரிசையாகப் போகும். அந்த இடத்துக்கு ஃபைபர் போடுங்கள், முடியாவிட்டால் சர்ஜ் ப்ரொடெக்டராவது போடுங்கள்.

பேக்நெட்டில் அடிக்கடி வரும் தொல்லை வேறு. ஒவ்வொரு சாதனத்துக்கும் 0 முதல் 4194302 வரை ஒரு எண் உண்டு; கட்டடம் முழுக்க அது தனித்து இருக்க வேண்டும். தேடும்போது ஒரு பிளாக்கின் சாதனங்கள் மட்டும் தெரிந்து மற்றவை தெரியாவிட்டால், அவை வேறு சப்நெட்டில் (நெட்வொர்க்கின் தனிப் பகுதி) இருக்கின்றன; தேடும் அழைப்பு ரவுட்டரைத் தாண்டாது. சப்நெட்டுக்கு ஒன்று வீதம் பி.பி.எம்.டி. (அழைப்பை மற்ற சப்நெட்டுக்குக் கடத்துவது) அமைத்தால் தெரியும். ஒரே சப்நெட்டில் இரண்டு வைத்தால் குழப்பம் கூடும்.

புதிய ஏ.எம்.சி. ஒப்பந்தத்தில் "பேக்நெட் சப்போர்ட் உண்டு" என்ற வாசகத்தை ஏற்காதீர்கள். நூறு பாயின்ட்டில் (படிக்கும் அளவு அல்லது கட்டளை) பத்தை மட்டும் வெளியே காட்டிவிட்டு அதையே சப்போர்ட் என்பார்கள். பாயின்ட் பட்டியலைக் கேளுங்கள்: சாதனம், ஆப்ஜெக்ட் அல்லது ரெஜிஸ்டர் எண், அலகு, பெருக்கல் காரணி, படிக்க மட்டுமா எழுதவுமா. அட்மின் பாஸ்வேர்டும் மென்பொருள் லைசென்ஸும் சங்கத்தின் பெயரில் இருக்கட்டும். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் கன்ட்ரோலர் ப்ரோகிராமின் பேக்கப் சங்க அலுவலகத்துக்கு வரட்டும். புதிதாக வாங்கும் பேக்நெட் கன்ட்ரோலர்களுக்கு பி.டி.எல். சான்று (பேக்நெட் தரச் சோதனைச் சான்று) கேளுங்கள். பேனல்கள் பேஸ்மென்டில் இருந்தால், 2015, 2023 டிசம்பர் மழைகளில் உங்கள் பகுதியில் நீர் ஏறிய மட்டத்தைக் கேட்டறிந்து அதற்கு மேலே தூக்கிவிடுங்கள். வேறு எந்த மேம்பாட்டுக்கும் முன்னால் இதைச் செய்ய வேண்டும்.

கேள்வி: கிண்டியில் எங்கள் அலுவலகத்தில் டாலி (விளக்குகளை டிஜிட்டலாகக் கட்டுப்படுத்தும் முறை) விளக்குகள், ஒரே லைனில் 80. சில விளக்குகள் எல்லாம் சேர்ந்து எரியும்போது எரிகின்றன. தனி க்ரூப்புக்குக் கட்டுப்படுவதில்லை. டிரைவர் (விளக்குக்குக் கரன்ட் தரும் பெட்டி) மட்டமா?

பதில்: டிரைவர் மேல் தவறில்லை. ஐ.இ.சி. 62386 தரப்படி ஒரு டாலி லைனில் 64 அட்ரஸ், 16 க்ரூப், 16 சீன் (முன்பே சேமித்த ஒளி அமைப்பு). மிச்சம் 16 டிரைவர்களுக்கு அட்ரஸே கிடைத்திருக்காது. பொதுக் கட்டளைக்கு மட்டும் பதில் சொல்லும். லைனை இரண்டாகப் பிரியுங்கள், ஒன்றில் 50-க்கு மேல் போகாமல். மிச்ச இடம் பின்னால் உதவும். ஒரு லைனின் சப்ளை 250 மில்லி ஆம்பியரைத் தாண்டக் கூடாது; டிரைவருக்கு 2 மில்லி ஆம்பியர், அதோடு சென்சார்கள் எடுப்பதையும் கூட்டிக்கொள்ளுங்கள். 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் 300 மீட்டர் வரை போகலாம். லைன் சும்மா இருக்கும்போது இரு கம்பிக்கு நடுவே சுமார் 16 வோல்ட் டி.சி. இருக்க வேண்டும்; பூஜ்யம் என்றால் எங்கோ ஷார்ட், அல்லது சப்ளை இல்லை. குறைந்த வோல்ட்தானே என்று டாலி ஒயரை நெட்வொர்க் கேபிளோடு ஒரே பைப்பில் விடாதீர்கள். அதன் இன்சுலேஷன் விதி கரன்ட் ஒயருக்கானதுதான். தொடும்போதும் அப்படியே நினைத்துத் தொடுங்கள்.

கேள்வி: ஹோம் அசிஸ்டன்ட் என்ற ஸ்மார்ட் ஹோம் மென்பொருள் ஓப்பன் சோர்ஸ் என்பதால் அதையே வீட்டின் மூளையாக வைத்துக்கொண்டால் போதாதா? வெளியூரிலிருந்தும் பார்க்க வேண்டும். (வாசகர், நங்கநல்லூர்)

பதில்: மேல் அடுக்குக்கு அருமையான தேர்வு. கே.என்.எக்ஸ், மாட்பஸ், ஜிக்பீ, மேட்டர் எல்லாவற்றையும் ஒரே திரையில் சேர்த்துவிடும். ஆனால் ஸ்விட்சைத் தட்டினால் விளக்கு எரிவது அதை நம்பி இருக்கக் கூடாது. சோதனை எளிது: ஹோம் அசிஸ்டன்ட் ஓடும் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். எரியாத விளக்கு இருந்தால் அந்த இணைப்பை மாற்றுங்கள். ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டரில் மெமரி கார்டு வைத்து ஓட்டினால் அடிக்கடி கரன்ட் போவதில் கார்டு கெடும், எஸ்.எஸ்.டி.யும் சின்ன யு.பி.எஸ்.ஸும் போடுங்கள். பேக்கப் தானாக வேறு கம்ப்யூட்டருக்குப் போகட்டும்.

வெளியிலிருந்து பார்க்க வி.பி.என். (பாதுகாப்பான தனி இணைப்பு) மட்டும். ரவுட்டரில் 3671 (கே.என்.எக்ஸ்), 502 (மாட்பஸ்), 47808 (பேக்நெட்) போர்ட்டுகளைத் திறந்துவிடக் கூடாது. ஜெர்மனியில் ஒரு அலுவலகக் கட்டடத்தில் இப்படித் திறந்து கிடந்த போர்ட் வழியாக யாரோ நுழைந்து, கே.என்.எக்ஸ் சாதனங்களை அழித்து, பி.சி.யூ. கீ போட்டுப் பூட்டிவிட்டுப் போன சம்பவம் 2021-ல் வெளியே வந்தது. விளக்குகளை டி.பி.யில் பிரேக்கர் போட்டுத்தான் இயக்க வேண்டியிருந்தது.

கேள்வி: சம்ப் மோட்டாருக்கு 16 ஆம்பியர் ஸ்மார்ட் ஸ்விட்ச் போட்டோம். கொஞ்ச நாளில் ஆஃப் ஆகாமல் டேங்க் வழிந்தது. ஒரு குதிரை மோட்டார்தான். (வாசகி, மேற்கு மாம்பலம்)

பதில்: ரிலேயின் கான்டாக்ட் ஒட்டிக்கொண்டது. ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போது 5 முதல் 7 ஆம்பியர் எடுக்கும், ஸ்டார்ட் ஆகும் கணத்தில் அதைப் போல ஐந்தாறு மடங்கு. 16 என்று பெட்டியில் இருப்பது ஹீட்டர் போன்ற சாதாரண லோடுக்கு. மோட்டார் கான்டாக்டர் (பெரிய கரன்ட்டைத் தாங்கும் ரிலே) ஒன்று, 230 வோல்ட் காயிலோடு வாங்குங்கள். மோட்டாரைக் கான்டாக்டரில் இணைத்து, கான்டாக்டரின் காயிலை மட்டும் ஸ்மார்ட் ஸ்விட்சில் இணையுங்கள். மோட்டாரின் கரன்ட்டுக்கு ஏற்ற ஓவர்லோட் ரிலேயும் வேண்டும்.

டேங்க் நிறைந்தால் நிறுத்துவதும், சம்ப் காலியானால் ஓடாமல் தடுப்பதும் ஆப்பில் எழுதிய விதியாக இருக்கக் கூடாது. இரண்டு ஃப்ளோட் ஸ்விட்சையும் காயில் போகும் ஒயரிலேயே தொடராகப் போடுங்கள். அப்போது நெட், ஹப், ஃபோன் எது போனாலும் மோட்டார் நிற்கும். காயிலுக்குத் தனி எம்.சி.பி.யும் மோட்டார் சர்க்யூட்டுக்கு ஆர்.சி.சி.பி.யும் அவசியம். ஃப்ளோட் ஒயரின் ஜாயின்ட் சம்ப்புக்குள் வரவே கூடாது. ஒயர் நீளம் பற்றாவிட்டால் நீளமான ஒயரோடு வரும் ஃப்ளோட்டை வாங்கி, ஜாயின்ட்டை வெளியே நீர் புகாத பெட்டியில் வையுங்கள்.